மூன்றாவது சொம்பு

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒரு ஆட்டையும் வளர்த்தேன். ஆட்டைப் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணக் கூடாது என்று என் பேத்தி சொல்கிறாள். எண்ணினால் என்ன? அதற்கும் பாட்டிலில் பால் கொடுத்து, மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைத்திருக்கிறேன். ஆறு என்றே எழுதிக்கொள்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு மீன் கூடை. காசிமேட்டில் மீன் எடுத்து, விம்கோ நகர் தெருக்களில் நாற்பது வருஷம் கூவி விற்றேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் வேண்டும். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதியதை நல்ல கையெழுத்தில் வேறு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் குப்பத்து அம்மன் கோயிலுக்கு இந்த ஆடியில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். காத்திவாக்கம் பக்கம் எங்கள் குப்பம். விழாக் குழுக்காரர்கள் வீட்டுக்கு வந்து, ஆடு நின்ற அந்த அதிசயத்தை நான்தான் எழுதித் தர வேண்டும் என்றார்கள். பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருந்தாலும் தண்ணீர் ஊற்றிய கை என்னுடையது என்றார்கள். ஆமாம், என் கைதான். அதனால் என் கை செய்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, நேர்ந்துகொண்டவர்கள் அம்மனுக்குக் கிடா வெட்டுவார்கள். எங்கள் குப்பத்தில் கேட்காமல் வெட்ட மாட்டார்கள். கிடாவை அம்மன் வாசலில் நிறுத்தி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார்கள். கிடா தலையையும் உடம்பையும் உதறிச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் உத்தரவு. ஆடு சம்மதித்தது, அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். சிலுப்பாத ஆட்டின் மேல் கத்தி வைக்கக் கூடாது.

அந்தத் தண்ணீரை ஊற்றுகிறவள் எங்கள் வீட்டுப் பெண். என் மாமியார் ஊற்றினார், அவருக்குப் பிறகு நான். முப்பது வருஷத்துக்கு மேல் ஊற்றினேன். என் கைக்குச் சிலுப்பாத ஆடு கிடையாது. திருவொற்றியூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும்கூட என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அந்தக் கை என்னுடையது என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்று சொம்பு. முதல் சொம்பு முதுகுக்கு. இரண்டாவது நெற்றிக்கு. அதற்குள் சிலுப்பிவிட்டால் சரி. இல்லாவிட்டால் மூன்றாவது சொம்பை நெற்றியில் ஊற்றுகிற மாதிரியே ஊற்றி, இடது கைக் கட்டை விரலால் காதை லேசாக விரித்துவிட வேண்டும். தண்ணீர் காதுக்குள் போய்விடும். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும். மனிதனே உதறுவான். என் முந்தானையும் கையும் மறைத்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. இதை வெளியே சொல்லாதே என்று மாமியார் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அம்மன் எப்போதோ உத்தரவு கொடுத்துவிட்டாள், ஆடுதான் சோம்பலாக நிற்கிறது, நான் கொஞ்சம் தட்டி எழுப்புகிறேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல பெண் என்று பெயர் வாங்கியவளுக்கு அப்படி நினைத்துக்கொள்வது சுலபம்.

இனி அந்த ஆடு.

கொரோனாவுக்கு முந்தின வருஷம், கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. என் நான்காவது பிள்ளை, இந்தப் பேத்தியின் அப்பன், காசிமேட்டிலிருந்து லாஞ்சில் கடலுக்குப் போயிருந்தான். எச்சரிக்கை கேட்டு மற்ற லாஞ்சுகள் எல்லாம் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டன. அவன் போனது திரும்பவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. நான் கடலோரம் பிறந்தவள், கடலைப் பார்த்துப் பயந்ததில்லை. அந்த நாள் பயந்தேன். எண்ணூர் சாலை ஓரம் கடலைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளை, லாரி கொண்டுவந்து கொட்டிய அந்தப் பெரிய பாறைகளை, அலை தூக்கிக்கொண்டு வந்து ரோட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போயிற்று. குழந்தை பொம்மையை எடுத்து வைப்பதைப் போல மெதுவாக வைத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கும்பிட வேண்டும் என்றும் ஓட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அதே வாரம் எங்கள் வீட்டுப் பெட்டை ஆடு ஒரு கிடாக் குட்டி போட்டுவிட்டு மூன்றாம் நாள் செத்துப்போயிருந்தது. குட்டியை மீன் கூடைக்குள் வைத்து, பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகனைக் காணாத ஆறாம் நாள் மழையோடு குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி, என் மருமகள், என் பின்னால் வந்தாள். வாசலில் குட்டியை இறக்கி வைத்து, "என் புள்ளய கரைல சேத்துடு. இது உனுக்கு. உத்தரவு கேட்டு, நானே தண்ணி ஊத்தித் தரேன்" என்றேன். குட்டி என் காலுக்கடியில் புகுந்து நின்று நடுங்கியது.

ஒன்பதாம் நாள் அவன் வந்தான். இன்ஜின் நின்றுபோய் ஆந்திராப் பக்கம் அடித்துக்கொண்டு போய், வேறொரு லாஞ்சு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வாசலில் ஒருவன் வந்து நின்றான். முகமெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. "யாருப்பா, இன்னா வோணும்?" என்று கேட்டேன். நான் பெற்ற பிள்ளையை. அவன், "நான்தாம்மா" என்றான். அந்தக் குரலில்தான் தெரிந்துகொண்டேன். பசியோடு வந்தவனுக்குச் சோறு போடுவதை விட்டுவிட்டு, அவன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டி வைக்க மாட்டார்கள். அது அம்மன் ஆடு. யார் வீட்டிலும் நுழையும், யாரும் அடிக்கக் கூடாது. டீக்கடையில் பன் எடுக்கும். கட்சி போஸ்டரைப் பசையோடு தின்னும். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கடையில் மாதா படம் மாட்டியிருப்பார். தினமும் காலையில் கடை திறந்ததும் அம்மன் ஆட்டுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிடுவார். ஒருநாள் என்னிடம், "எங்க மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துதேன், உங்க அம்மனுக்குப் பழம் குடுக்கேன். ரெண்டு பேரும் சேந்து என்னை கவனிச்சுக்கிடணும் பாத்துக்கிடுங்க" என்றார்.

அடுத்த ஆடியில் வெட்டியிருக்க வேண்டியது. கொரோனா வந்துவிட்டது. இரண்டு ஆடி கோயில் கதவு மூடியே இருந்தது. ஆடு வளர்ந்துகொண்டே போனது. கொம்பு திருகி, தாடி விட்டு, நெஞ்சு விரிந்து, பார்க்கவே பெரிய மனுஷன் மாதிரி ஆகிவிட்டது. கன்டெய்னர் லாரி ஒன்றுகூட இல்லாத எண்ணூர் சாலையை நான் அதற்கு முன் பார்த்தது கிடையாது. துறைமுகம் வரை ஒட்டி ஒட்டி நிற்கும் லாரிகள் எங்கே போயினவோ தெரியவில்லை. அந்த வெறும் ரோட்டின் நடுவே அம்மன் ஆடு தனியாக, அவசரமில்லாமல் நடந்து போவதை மாடியிலிருந்து பார்த்தேன். உலகமே அதற்காக ஒதுங்கி நிற்கிறது என்று நினைத்தேன்.

அப்போது தெரு நாய்களுக்கும் தீனி இல்லை. நான்கைந்து நாய்கள் சேர்ந்து ஆட்டைப் பிடித்துவிட்டன. வலது காது பாதி கிழிந்து தொங்கியது. மாட்டாஸ்பத்திரி திறந்திருக்கவில்லை. நான்கு நாளில் காதுக்குள் புழு வைத்துவிட்டது. வேப்பெண்ணெயில் கற்பூரம் பொடித்துப் போட்டு, காதை விரித்து உள்ளே ஊற்றினேன். முதல் நாள் மகன் கொம்பைப் பிடிக்க, மருமகள் முதுகில் உட்கார, நான் ஊற்றுவதற்குள் மூன்று பேரையும் தள்ளிவிட்டு ஓடியது. புண்ணில் கற்பூர எண்ணெய் பட்டால் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும்.

பத்து நாளுக்குப் பிறகு யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்தால் அதுவே வரும். தலையைச் சாய்த்துக் காதை என் கையில் வைக்கும். நான் கட்டை விரலால் விரிப்பேன், எண்ணெய் ஊற்றுவேன். அதன் தோல் முழுக்கத் துடிக்கும், கால் நடுங்கும், தலை மட்டும் ஆடாது. ஆடினால் எண்ணெய் வெளியே தெறித்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிந்தது? நாற்பது நாள் அப்படி நின்றது. பிள்ளைகள் ஐந்து பேரில் ஒருவர்கூட மருந்துக்கு அப்படி நின்றதில்லை. காது பாதியாக ஆறியது.

மூன்றாவது வருஷம் ஆடித் திருவிழா நடந்தது. பூசாரி வந்து காதைப் பார்த்துவிட்டு யோசித்தார். குறையுள்ள ஆட்டை அம்மனுக்குக் கொடுப்பதில்லை. நேரும்போது முழுசாகத்தானே இருந்தது, பிறகு ஆனது அவள் பொருளுக்கு ஆனது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். மருமகள் அன்றைக்குத்தான் மூச்சு விட்டாள். நேர்த்தி தீராமல் புருஷன் கடலுக்குப் போய் வருகிறானே என்று மூன்று வருஷமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் படகு ஏறும் ஒவ்வொரு முறையும் அவள் என்னைப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய நேரம். கூழ்ப் பானைகள் வரிசையாக இருந்தன, கருவாட்டுக் குழம்பு வாசனை தெரு முழுக்க. பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒன்பது கிடா. எட்டுக்கும் நான்தான் ஊற்றினேன். இரண்டு முதல் சொம்பிலேயே சிலுப்பின. மற்றதெல்லாம் மூன்றாவது சொம்பு. எல்லாம் முடிந்து கடைசியாக எங்கள் ஆடு வந்தது. மகன் கயிற்றைப் பிடித்திருந்தான். வெட்டுகிறவர் எங்கள் தெருக்காரர்தான், கத்தியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

முதல் சொம்பை முதுகில் ஊற்றினேன். நின்றது. இரண்டாவதை நெற்றியில் ஊற்றினேன். கண்ணில் வழிந்த தண்ணீரைக்கூட அது உதறவில்லை. மூன்றாவது சொம்பைத் தூக்கினேன். என் இடது கை, முப்பது வருஷப் பழக்கம், தானாகக் காதுக்குப் போனது.

ஆடு தலையைச் சாய்த்துக் காதை என் உள்ளங்கையில் வைத்தது.

கட்டை விரல் விரித்தது, தண்ணீர் உள்ளே போனது, காது நிரம்பி என் மணிக்கட்டில் வழிந்தது. ஆட்டின் தோல் ஒருமுறை துடித்தது. கால் நடுங்கியது. தலை ஆடவில்லை. மருந்து என்று நினைத்துக்கொண்டு நின்றது. நான் நல்லதுக்குத்தான் ஊற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றது.

அந்த நேரம் என் உடம்பில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. பெரிய அலைக்கு முன்னால் நின்ற மாதிரி இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்தில் ஒருவன், "இன்னா ஆயா, கைக்கு வயசாயிட்சா?" என்றான். சிரித்தார்கள். பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டினார். நான் அசையாமல் நின்றேன். பூசாரி பக்கத்தில் வந்து, அந்த ஆட்டுக்கு என் கை பழகிவிட்டது, வேறு கை ஊற்றட்டும், சொம்பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடு என்றார். அவர் சொன்னது சரிதான். வேறு யார் கையாக இருந்தாலும் ஒரு சொட்டுப் போதும், சிலுப்பிவிடும். நேர்த்தி முடிந்துவிடும்.

மருமகள் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "அத்தே, சொம்ப குடுத்துடுங்க. அவுரு புதன்கெழம தொழிலுக்குப் போவணும். உங்க காலப் புடிக்கறேன், குடுத்துடுங்க" என்றாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

ஒரு பக்கம் என் பிள்ளை உயிர். அதற்காகச் சொன்ன வாக்கு. அந்த வாக்கில் உத்தரவு கேட்டுத் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். கேட்பது என்றால் என்ன என்று அன்றைக்கு வரை நான் யோசித்ததே இல்லை. சொம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பிறகு பேசினேன். பம்பைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, மீன் விற்ற குரலில் பேசினேன்.

"மூணாவது சொம்பு நான் காதுலதான் ஊத்துவேன். இன்னிக்கி மட்டும் இல்ல, எப்பவும். காதுல தண்ணி பூந்தா எந்த ஆடும் சிலுப்பும். இத்தினி வருஷமா நான் எந்த ஆட்டையும் கேக்கல. பதில நானே புடுங்கிகினு இருந்தேன். இது மட்டும்தான் குடுக்கல. நான் மருந்து ஊத்தறேன்னு நம்பிகினு நிக்கிது."

பம்பை நின்றுவிட்டது. பூசாரியின் முகம் கறுத்துப்போனது. "இன்னா பேசறேன்னு தெர்ஞ்சிதான் பேசறியா?" என்று கேட்டார். அதற்குள் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எனுக்குத் தெர்யும்கா" என்றார். "கத்தி வெச்சிகினு நிக்கறவன் கண்ணு ஆட்டுத் தலைய வுட்டு வேற எங்க போவும்?"

"தெர்ஞ்சி ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லட்டும்னு பாத்துகினு இருந்தேன்" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. அவருக்கும் அது பாரமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மகனிடம் கயிற்றை விடச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் அம்மன் வாசலில் நிற்கட்டும், யாரும் இனி ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, மேலே இருக்கிற தண்ணீர் போதும், அதுவாகச் சிலுப்பினால் வெட்டிக்கொள்ளலாம் என்றேன். நானும் நான்கு அடி தள்ளிப் போய் நின்றேன். என் கை பட்டுத்தான் நிற்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது அல்லவா. மகன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

ஆடு நின்றது.

மூன்று சொம்புத் தண்ணீர் அதன் மேல் இருந்தது. தாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த ஆடு உதறாமல் இருக்காது. மழையில் நனைந்த ஆட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கூரைக்குள் வந்ததும் முதல் வேலை அதுதான். இது உதறவில்லை. கையைத்தான் எடுத்துவிட்டேனே, பிறகும் ஏன் நின்றது? ரயில் பாதையில் சரக்கு வண்டி ஊதிக்கொண்டு போனது, திரும்பவில்லை. ஒரு குழந்தை அழுதது, திரும்பவில்லை. அண்ணாச்சி கடையை விட்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கையில் பழம் இருந்தது. ஆடு பார்த்துவிடப் போகிறதே என்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நான் அதன் கண்ணைப் பார்த்தேன். முப்பது வருஷமாக எத்தனையோ ஆட்டுத் தலையைப் பிடித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் ஆட்டின் கண்ணைப் பார்த்தேன். அதன் கண்மணி நம்முடையது மாதிரி வட்டமாக இல்லை. படுத்த கோடாக இருக்கிறது. மஞ்சளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு நேர்க்கோடு. கடலும் வானமும் சேருகிற இடத்தில் அப்படி ஒரு கோடு இருக்கும். என் பிள்ளைக்காக ஒன்பது நாள் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோடு. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத மாதிரியே தெரியவில்லை. கை கூப்பிவிட்டேன். அம்மனைப் பார்த்தா ஆட்டைப் பார்த்தா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெயில் நேராக அடித்தது. முதுகில் மயிர் ஒவ்வொன்றாகப் பிரிந்து காய்ந்தது. நெற்றி காய்ந்தது. தாடி கடைசியாகக் காய்ந்தது. மஞ்சள் மட்டும் உடம்பில் தங்கியது. சுத்தமாகக் காய்ந்த பிறகு, ஆடு முன்னங்காலை மடக்கி அம்மன் வாசற்படிக்கு முன்னால் படுத்தது. அசை போட ஆரம்பித்தது.

பூசாரி ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். இதற்கு அவரிடம் வழக்கம் இல்லை. பிறகு குங்குமத் தட்டை எடுத்து வந்து ஆட்டின் நெற்றியில் வைத்து, "அவளே வெச்சிகினா" என்றார். கூட்டம் அம்மன் பேரைச் சொல்லிக் கத்தியது. பம்பை மறுபடி ஆரம்பித்தது. பெண்கள் வந்து ஆட்டின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அம்மன் ஆட்டை உயிரோடு வைத்துக்கொண்ட அதிசயம் என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள். அதிசயம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் காதைப் பற்றிச் சொன்னதை அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். யாராவது ஞாபகப்படுத்தினால், ஆயா வெயிலில் ஏதோ பேசிவிட்டது என்றார்கள். என் பெயரைக் காப்பாற்றுகிறார்களாம்.

நான் சொம்பை அம்மன் வாசலில் வைத்துவிட்டேன். மறுநாள் மொட்டை போட்டுக்கொண்டேன். ஆட்டுக்குப் பதிலாக என் முடியையும் அந்த ராசியான கையையும் கொடுத்தேன். அவளுக்குப் போதுமா என்று தெரியாது. புதன்கிழமை மகன் கடலுக்குப் போனான். மருமகள் என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. பத்து நாள் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே பயத்தோடு, பேசாமல் இருந்தோம். அவன் வந்து சேர்ந்த அன்று, கூடையில் வஞ்சிரத்தைப் பார்த்ததும் அவள்தான் முதலில் பேசினாள். "அத்தே, தலைய கொழம்பு வெக்கட்டா, வறுக்கட்டா?" என்று கேட்டாள். அவன் இன்றும் கடலுக்குப் போகிறான். நேர்த்தி தீர்ந்ததா தீரவில்லையா, எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் இருக்கிறேன்.

நான் கறி சாப்பிடாதவள் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாப்பிடுகிறேன். மீன் வெட்டி வளர்ந்த உடம்பு இது. மீனை நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்டோம் என்று சொல்வதும் இல்லை. பசிக்கிறது, எடுக்கிறோம், கடலைக் கும்பிடுகிறோம். ஆட்டைக் கேட்டேன், அது சம்மதித்தது என்று ஊருக்குச் சொன்னேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஊற்றுகிறாள். இரண்டு சொம்புதான். ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறாள், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறார்கள். சிலது சிலுப்புகிறது, சிலது சிலுப்புவதில்லை. சிலுப்பாததைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சிலுப்புவதும் தண்ணீருக்குத்தானே ஆயா, சம்மதத்துக்கா என்று பேத்தி கேட்கிறாள். இருக்கலாம். அது எனக்கு மேலே. அடுத்து வருகிறவர்கள் அதை யோசிக்கட்டும்.

அந்த ஆடு இருக்கிறது. கிழமாகிவிட்டது. ரேஷன் கடை நிழலில் படுத்திருக்கும். நான் போனால் எழுந்து வந்து, பாதிக் காதை என் கையில் வைக்கும். ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது. அன்றைக்கு அந்தக் காதில் நான் எதற்காகத் தண்ணீர் ஊற்றினேன் என்று அதற்குத் தெரியுமா? தெரிந்தும் வைக்கிறதா?

இவ்வளவுதான் எழுத இருந்தது. நேற்று பேத்தி நோட்டை மூடி வைத்துக்கொண்டு, காது விஷயத்தை எடுத்துவிடலாமா, புத்தகம் ஊர் முழுக்கப் போகும், உன்னைச் சிரிப்பார்கள் என்றாள். விழாக் குழுக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும் என்றாள். அது இல்லாமலே அதிசயம் நன்றாகத்தான் இருக்கிறதாம். அவள் என் மேல் வைத்த பிரியத்தில் சொல்கிறாள். ஆனால் அந்த ஆடும் என் மேல் பிரியம் வைத்துத்தான் நின்றது.

"எடுக்காத கண்ணு" என்றேன். "நோட்ட தொற. நீ எழுதனத மொதல்லருந்து படி, நான் கேக்கறேன். காது வர்ற எடத்துல மட்டும் கொரல எறக்காத. வெளில உங்கம்மா வாசல கூட்டிகினு கீறா, அவளுக்கும் கேக்கட்டும்."